கை நடுங்குவது தெரிகிறது, மனம் தடுமாறுவது தெரிகிறதா?

சில வருடங்களுக்கு முன்னர் காணி விசாரணை ஒன்றுக்கு ஒரு குடும்பத்தாருடன் நாமும் போயிருந்தோம். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது இங்கு அவசியமில்லை. முசலிப் பக்கத்தில் வயல் செய்து வாழ்ந்த குடும்பம். மூன்று முறை இடம்பெயர்ந்ததில் காணி அனுமதிப்பத்திரம் எங்கோ தவறிவிட்டது. எஞ்சியிருந்தது பெரியவரின் நினைவு மட்டுமே. அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. ஐந்தாறு வருடங்களாகப் பாக்கின்சன் நோய்.

"வடக்கு எல்லை யாருடைய காணி, ஐயா?" என்று உத்தியோகத்தர் கேட்டார். கேட்ட விதத்தில் மரியாதைக் குறைவு எதுவும் இருக்கவில்லை. பெரியவர் பேசவில்லை. முகத்தில் அசைவில்லை. மேசைக்குக் கீழே வலது கை மட்டும், விரல்களுக்கிடையே எதையோ உருட்டுவது போல ஆடிக்கொண்டிருந்தது. அரை நிமிடம்கூட ஆகியிராது, அடுத்த கேள்வி வந்தது. அதற்குப் பதில் வருமுன் மூன்றாவது. பின்னர் படிவத்தில் 'நினைவில்லை' என்று எழுதப்பட்டது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது, எவரும் கேளாமலே பெரியவர் மெல்லிய குரலில் சொன்னார்: "வடக்க எங்கட மச்சான்ட காணி. இடையில ஒரு வாய்க்கால்." மகள் தலையில் கைவைத்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

நாம் அருகிலேயே இருந்தோம். 'கொஞ்சம் பொறுங்கள், அவருக்கு நேரம் தேவை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனெனில் அவருக்கு மறந்துபோய்விட்டது என்றே நாமும் நினைத்தோம். இக்கட்டுரை அந்தத் தவறிலிருந்து பிறந்தது.

நடுக்குவாதம் என்று எம்மவர் சொல்லும் இந்நோயை 1817 ஆம் ஆண்டு விவரித்து எழுதியவர் ஜேம்ஸ் பாக்கின்சன் என்ற இலண்டன் வைத்தியர். அவர் எழுதியது ஆறு பேரைப் பற்றித்தான். அவர்களிற் சிலரை வீதியிற் கண்டதோடு சரி. கை நடுங்கும், உடல் முன்னே வளையும், நடை ஓட்டமாக மாறும் என்றெல்லாம் மிகச் சரியாக எழுதிய அவர், புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றும் எழுதிவிட்டார். வீதியிற் போகிறவரின் நடையைப் பார்க்கலாம். அவர் வீட்டுக்குப் போய்ச் செலவுக் கணக்கை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பார்க்க முடியுமா? பிற்பட்ட வைத்தியர்கள் அக்கருத்தைத் திருத்திவிட்டார்கள். ஆயினும் கிளினிக்குகளிலும் வீடுகளிலும் இன்றும் கையைத்தான் பார்க்கிறோம். 'நடுக்கம் எப்படி?' என்று கேட்கிறோம். 'யோசனை எப்படி ஓடுகிறது?' என்று கேட்பவர்கள் குறைவு.

நடப்பது இதுதான். மூளையின் அடிப்பகுதியில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள கலங்கள் டோபமின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கின்றன. அக்கலங்கள் சிறிது சிறிதாக அழிவதால் டோபமின் குறைகிறது. 1950களின் இறுதியில் சுவீடன் நாட்டு ஆவிட் கால்சன் போன்றோரின் ஆய்வுகளால் இது தெளிவானது. டோபமின் உடம்பை அசைப்பதற்கு மட்டும் தேவைப்படுவதன்று. ஒரு வேலையைத் தொடங்கவும், அதை ஒழுங்குபடுத்தவும், ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மனதைத் திருப்பவும் அது வேண்டும். நோய் நீடிக்கும்போது மூளையின் வேறு பகுதிகளும் பாதிக்கப்படுகின்றன.

கட்டுக்கரைக் குளத்து நீரில் வயல் செய்தவர்களுக்கு ஓர் உவமை சொல்லலாம். குளத்தில் நீர் இருக்கிறது, கீழே வயலும் இருக்கிறது, ஆனால் துருசு இறுகிப்போய்விட்டது. வற்றிப்போன குளத்தையும் இறுகிய துருசையும் ஒன்றாக எண்ணலாமா? மறதிநோய் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வேளைகளில் குளமே வற்றுகிறது. பாக்கின்சன் நோயின் முதற் பல ஆண்டுகளில் பெரும்பாலும் இறுகுவது துருசுதான். 'வடக்கு எல்லை யார்?' என்று வெறுமனே கேட்டால் பதில் வருவதில்லை. 'வடக்கே வாய்க்கால் ஒன்று ஓடியதல்லவா?' என்று ஒரு நூலிழையைக் கொடுத்தால், அதைப் பிடித்துக்கொண்டு முழுவதும் வரக்கூடும். எல்லோருக்கும் வரும் என்று சொல்லமாட்டோம்; பலருக்கு வருகிறது.

வீட்டில் இது எப்படித் தெரியும்? முப்பது வருடம் காலபோகம் செய்தவர், விதை, உழவு இயந்திரம், கூலியாள், பசளை என்ற நான்கையும் எந்த ஒழுங்கில் ஏற்பாடு செய்வது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டால் சரியாகச் சொல்வார். சேர்த்துக் கோப்பதுதான் முடிவதில்லை. வலை பொத்துபவருக்குக் கண்ணியின் அளவு பிடிபடாது. நடந்துகொண்டே பேசினால் கால் நின்றுவிடும், அல்லது விழுந்துவிடுவார். ஏனெனில் முன்பு தானாக நடந்த கால் இப்போது யோசித்துத்தான் நடக்கிறது, அந்த யோசனையைப் பேச்சு பறித்துக்கொள்கிறது. பெண்களுக்கு இது அடுப்படியில் தெரியும். ஓர் அடுப்பில் சோறும் மறு அடுப்பில் கறியுமாக வாழ்நாளெல்லாம் சமைத்த ஒரு தாய், இரண்டில் ஒன்றைக் கருகவிடத் தொடங்கினார். 'மாமிக்கு இப்ப வீட்டு வேலையில அக்கறை இல்லை, சுவாமி' என்று மருமகள் எம்மிடம் முறையிட்டாள். அக்கறை இருந்தது. இரண்டு அடுப்பைச் சேர்த்துப் பார்க்கும் சக்திதான் போயிருந்தது.

இப்படிப்பட்டவர்களை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். சோம்பேறி, பிடிவாதக்காரர், வீம்புக்காரர், புத்தி மாறாட்டம். சில வீடுகளில் செய்வினை என்றும் சொல்கிறார்கள். முகத்தசைகள் இறுகுவதால் முகம் மரப்பலகை போலாகிவிடுகிறது. உள்ளே மகிழ்ச்சி இருந்தாலும் வெளியே தெரியாது. பேரப்பிள்ளை ஓடி வரும்போது சிரிக்காத தாத்தாவைப் பிள்ளைகள் மெல்ல மெல்ல விட்டு விலகுகின்றன. நாமும் இவ்விடயத்தில் குற்றவாளிகளே. திருப்பலியில் கல்லைப் போல உட்கார்ந்திருந்த ஒருவரை, ஊரை இழந்த சோகம் இவரை இப்படி ஆக்கிவிட்டது என்று எண்ணி, இரண்டு வருடம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம். அவருக்குத் தேவைப்பட்டது வைத்தியர்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இடம்பெயர்ந்தவர்கள் மத்தியில் இந்நோய் மறைந்துகொள்வது எளிது. முகம் இறுகினால் 'யோசனை', பேச்சுக் குறைந்தால் 'கவலை', நித்திரை கெட்டால் 'செல்லடிப் பயம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கவலையும் பயமும் உண்மையானவையே. மனச்சோர்வு இந்நோயின் ஒரு பகுதியாகவும் வருகிறது. ஆனால் மணம் தெரியாமற் போதல், மலச்சிக்கல், எழுத்துச் சிறுத்துக்கொண்டே போதல், நடக்கும்போது ஒரு கை வீசாதிருத்தல் ஆகியவையும் கூடவே இருந்தால், அது கவலை மட்டுமன்று என்று சந்தேகிக்க வேண்டும்.

இடப்பெயர்வு இந்நோயாளருக்குச் செய்யும் வேறொரு தீங்கும் உண்டு. அதைப் பற்றி எவரும் பேசி நாம் கேட்டதில்லை. ஐம்பது வருடம் ஒரே வளவில் வாழ்ந்தவருக்கு அந்த வளவே பாதி நினைவு. கிணற்றுக்கு எத்தனை அடி, மண்வெட்டி எந்த மூலையில், எந்த மரத்தடியில் திரும்பினால் படலை என்பதையெல்லாம் அவர் யோசிப்பதில்லை. பழக்கம் யோசனையின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த மனிதரைத் தூக்கி ஒரு தகரக் கொட்டிலில் வைத்தால், எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். யோசனைதான் அவரிடம் குறைந்து வருகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போன எருக்கலம்பிட்டி, முசலி முஸ்லிம் குடும்பங்கள். படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவர்கள். 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்தை விட்டு வந்து, 2017 ஏப்ரலில் ஒரு பகுதி நிலத்தை விடுவிப்பதாகக் கடற்படை அறிவிக்கும்வரை ஏறத்தாழப் பத்து வருடம் காத்திருந்தவர்கள். 2009 இல் செட்டிகுளத்துக் கூடாரங்களில் அடைபட்டவர்கள். இவர்களெல்லாரிடமும் முதியவர்கள் இருந்தார்கள். கொட்டிலுக்குக் கொட்டில் மாறும்போது சில முதியவர்கள் 'திடீரென்று கெட்டுப்போனார்கள்' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். நோய் திடீரென்று வந்திராது; அதை மூடிக்கொண்டிருந்த பழகிய வளவு திடீரென்று போயிற்று என்பதே எமது எண்ணம்.

நோயாளரின் அன்றாட வாழ்வின் தரத்தை அளப்பதற்கு 1995 இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்டில் முப்பத்தொன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். நடமாட்டம், உடை உடுத்தல், மனநிலை, வெட்கம், உறவினர் துணை, யோசனை, பேச்சு, உடல் நோவு ஆகிய எட்டையும் அது கேட்கிறது. நல்ல படிவம். ஆனால் எமது பெரியவர்களிடம் கேட்பதாயின் வேறு கேள்விகளும் வேண்டும். வரம்பில் நடக்க முடிகிறதா? விவசாயிகள் கூட்டத்தில் கருத்துச் சொல்ல முடிகிறதா, அல்லது சொல்ல வாய் திறக்குமுன் கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறதா? கலியாண வீட்டுக்கு அழைக்கிறார்களா? 2000 ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான ஓர் ஆய்வு, நோயாளரின் வாழ்க்கைத் தரத்தைக் குறைப்பவற்றுள் மனச்சோர்வு, அன்றாட வேலை செய்ய இயலாமை, நிலை தடுமாறுதல், யோசனைக் குறைபாடு ஆகியவை முக்கியமானவை என்று கண்டது. எல்லோரும் பார்க்கும் கை நடுக்கம் அந்த முன்வரிசையில் இல்லை.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரை எம்மவர் பலர் 1995 ஜனவரியில் காலிமுகத்திடலில் கண்டார்கள். பின்னைய வருடங்களில் அவருடைய கை நடுங்கியது, முகம் இறுகியது, பேச்சுக் குழறியது. பாக்கின்சன் நோய் என்பது 2003 இல் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. 2005 ஏப்ரலில் இறக்கும்வரை அவர் பதவியிலேயே இருந்தார். அதை இங்கே சொல்வது பக்திக்காக அன்று. அவருக்காக வாசிக்க ஆள் இருந்தது, நாற்காலியைத் தள்ள ஆள் இருந்தது, அவர் பேசி முடிக்கும்வரை உலகமே பொறுத்திருந்தது. பொறுத்திருக்க ஆட்கள் இருந்தால் ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது சாட்சி. எமது பெரியவருக்கு அரை நிமிடம் கிடைக்கவில்லை.

நோய் எங்கே போய் முடியும் என்று குடும்பத்தார் கேட்பார்கள். மறைக்காமல் சொல்வதே மேல். அவுஸ்திரேலியாவின் சிட்னியில் 136 நோயாளரைத் தொடர்ந்து கவனித்தபோது, இருபது வருடத்தின் பின் உயிரோடிருந்தவர்களில் 83 வீதமானோருக்கு மறதிநோய் ஏற்பட்டிருந்தது. இது பயமுறுத்தும் எண். ஆனால் 2024 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, முதற் பத்து வருடங்களில் மறதிநோய் வருவது முன்னர் நினைத்ததைவிடக் குறைவு என்று காட்டியது. ஆகவே முன்னால் பல நல்ல வருடங்கள் இருக்கக்கூடும். அந்த வருடங்களை 'புத்தி போய்விட்டது' என்று சொல்லி நாமே முன்கூட்டிப் பறித்துவிடலாகாது. செய்ய வேண்டியவற்றைத் தள்ளிப்போடவும் ஆகாது.

மருந்து பற்றிச் சிறிது. நாம் வைத்தியரல்லர், வைத்தியரிடம் என்ன கேட்பது என்பதை மட்டும் சொல்கிறோம். லெவோடோபா என்னும் குளிசை 1960களின் பிற்பகுதியிலிருந்து இந்நோய்க்குப் பிரதான மருந்து. அது கைகாலை இளக்குகிறது; யோசனைக்கு அவ்வளவு உதவுவதில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னர் எடுத்தால் பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. மீன், பருப்பு போன்ற புரத உணவோடு சேர்ந்தால் சிலருக்கு அது உடம்பில் ஏறுவது குறைகிறது. மீனை விடச் சொல்லவில்லை. மன்னாரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. நேரத்தை வைத்தியரிடம் கேட்டு ஒழுங்குபடுத்துங்கள். நடுக்கத்துக்குக் கொடுக்கப்படும் பென்செக்சோல் போன்ற பழைய மருந்துகள் முதியவர்களின் யோசனையைக் குழப்பக்கூடும். வாந்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிறமைட், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல் ஆகியவை இந்நோயையே கூட்டிவிடும். யாழ்ப்பாணம், அனுராதபுரம், கொழும்பு என்று பஸ் ஏறிப் போய் நிபுணரைப் பார்ப்பவர்கள், வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையிற் போட்டுக் கொண்டு போங்கள். 'யோசனை மாறியிருக்கிறது' என்பதையும் வாய் திறந்து சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எந்தக் குளிசையையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவேண்டாம்.

பூனைக்காலி விதை பற்றி எம்மிடம் கேட்பவர்கள் உண்டு. அதில் லெவோடோபா இருப்பது உண்மையே. 1937 இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தாமோதரன், இராமசாமி என்போர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். எம் முன்னோர் ஏதோ அறிந்துதான் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் ஒரு விதைக்கும் மறு விதைக்கும் அளவு மாறும். குளிசையோடு சேர்த்து இடித்துக் குடித்தால் அளவு மிஞ்சி மனம் கலங்கும். வைத்தியருக்குத் தெரியாமற் செய்யவேண்டாம்.

சிலர் மாலையில் முற்றத்தில் பிள்ளைகள் நிற்பதாகவோ நாய் படுத்திருப்பதாகவோ சொல்வார்கள். போரில் பிள்ளையை இழந்த தாய் ஒருவர் மகன் வாசலில் நிற்பதாகச் சொன்னபோது, வீட்டார் எம்மை அழைத்து வீட்டை மந்திரிக்கச் சொன்னார்கள். செபித்தோம், ஆனால் மறுநாளே வைத்தியரிடம் போகவும் சொன்னோம். இந்நோயிலும் அதன் மருந்துகளாலும் இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது உண்டு. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் காய்ச்சல், சலக்கிருமி, எமது வெயிலில் தண்ணீர் குடியாமை ஆகியவையும் காரணமாகலாம், அவற்றைக் குணப்படுத்தலாம்.

வீட்டிற் செய்யக்கூடியவை காசு கேட்பவையல்ல. ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுங்கள். கேள்வி கேட்டபின் மனதுக்குள் இருபதுவரை எண்ணுங்கள். இது எவ்வளவு கஷ்டம் என்பது எண்ணிப் பார்த்தாற்றான் தெரியும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டால் நிலத்தில் சுண்ணாம்பால் குறுக்குக் கோடுகள் போடுங்கள். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழும். தாளமும் உதவும். மன்னாரில் வாசாப்பு ஆடிய தலைமுறை இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. ஒரு காலத்தில் இராசா வேடம் கட்டிய ஒருவர், படலையில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றார். தம்பி முறையானவர் பக்கத்தில் வந்து வரவுப்பாட்டின் மெட்டை முணுமுணுத்தார். கால் எடுபட்டது. மகள் சிரித்தாள், நாமும் சிரித்தோம்; அவருடைய முகம் அசையாவிட்டாலும் அவரும் சிரித்தார் என்றே நம்புகிறோம்.

வயல் செய்வோருக்கு இடையில் ஒரு வார்த்தை. பரகுவாட் என்னும் களைநாசினியைக் கையாண்டவர்களிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டதாக வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இலங்கையில் அதை 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்தார்கள். தற்கொலைகளைக் குறைப்பதே நோக்கம். எந்த ஒருவருடைய நோய்க்கும் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. எஞ்சிய நாசினிகளையாவது வெறும் கையால் கலக்காதிருங்கள்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். எமது பகுதியில் எத்தனையோ குடும்பங்களின் உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் போரில் அழிந்தன. எல்லைகள் முதியவர்களின் தலைக்குள் இருக்கின்றன. அத்தலைகளிற் சிலவற்றில் துருசு இறுகிக்கொண்டு வருகிறது. ஆகவே வீட்டில் இந்நோய் என்று தெரிந்த அன்றே, சோகத்துக்கு இரண்டு கிழமை கொடுத்து, பின்னர் வேலையைத் தொடங்குங்கள். மனம் தெளிவாக இருக்கும்போதே அனுமதிப்பத்திரத்துக்குப் பின்னுரித்தாளரை நியமியுங்கள். தேவையாயின் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதுங்கள். பெரியவரின் கையொப்பம் சிறுத்து மாறிப்போகுமுன், பெருவிரல் அடையாளத்தை ஏற்பார்களா என்று வங்கியில் கேட்டு வையுங்கள். பெரியவரைக் காணிக்கே கூட்டிச் சென்று, அவர் காட்டுவதை அயலவர் இருவர் முன்னிலையில் எழுதி வையுங்கள். அவரைத் தவிர்த்துவிட்டு பிள்ளைகள் தமக்குள் பிரித்துக்கொள்வது இதற்கு மாற்றாகாது, அதையும் கண்டிருக்கிறோம்.

அதிகாரிகளிடம் நாம் கேட்பதும் சிறிய காரியமே. இத்தகையவர்களுக்கு விசாரணையைக் காலையில், அவர்கள் குளிசை எடுத்து ஒரு மணித்தியாலத்தின் பின் வையுங்கள். வரிசையில் நிற்கவைக்காதீர்கள். கூடவே ஒருவர் இருக்க அனுமதியுங்கள். முடிந்தால் மேசையை விட்டுக் காணிக்கு வாருங்கள். பதில் வராத இடத்தில் 'நினைவில்லை' என்று எழுதாமல் 'பதில் தாமதம், மீண்டும் கேட்க வேண்டும்' என்று எழுதுங்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வயல் இருப்பதும் இல்லாமற் போவதும் அந்த ஒரு வரியில் தங்கியிருக்கிறது.

முதலிற் சொன்ன பெரியவரின் கதை முடியவில்லை. மேன்முறையீடு எழுதிக் கொடுத்தோம். அதற்கு முன் ஒரு காலை வேளையில் முச்சக்கர வண்டியில் அவரைக் காணிக்குக் கூட்டிச் சென்றோம். பற்றை மண்டிக் கிடந்தது. இறங்கி நின்றவர் நெடுநேரம் பேசவில்லை. இம்முறை நாமும் பேசவில்லை. பின்னர் தடியை ஊன்றித் தானாகவே நடந்தார். வாய்க்கால் ஓடிய பள்ளத்தைக் காட்டினார். "அங்கால மச்சான்ட. இஞ்ச ஒரு பாலை நிண்டது, தறிச்சுப்போட்டாங்கள்" என்றார். பற்றையை விலக்கிப் பார்த்தபோது அடிக்கட்டை இருந்தது. மகள் அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்தாள். அயலவர் இருவர் ஒப்பமிட்டார்கள். அந்தக் கடதாசியையும் மேன்முறையீட்டோடு இணைத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அவருக்கு இப்போது குளிசை ஒரு நாளைக்கு ஐந்து தடவை.